அங்கே இப்போது மணி என்ன?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டரைப் பற்றி ஏதாவது இருபது நிமிஷம் பேசுங்கோ" என்று நம் செயலாளர் கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ரிடையர் ஆனவன். ஆகையால் பெரிய விஷயம் எதையும் தொடப் போவதில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஐந்து கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பிள்ளையோ பெண்ணோ கூடப் பிறந்தவர்களோ வெளிநாட்டில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். (ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள்.) சரி, இறக்கிவிடுங்கள். கை வலிக்கும்.

இப்போது அடுத்த கேள்வி. அங்கே இந்த நிமிஷம் மணி என்ன? உடனே எல்லோரும் கண்ணை மேலே செருகிக்கொண்டு விரலை மடக்குகிறீர்கள், பாருங்கள்! நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஆபீசில் ஒரு சீனியர் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தார். கையில் முள் வைத்த வாட்ச் கட்டியிருந்தால், அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் லண்டன் மணி தெரியும். நமக்கு மாலை ஐந்தரை என்றால் தலைகீழாகப் பன்னிரண்டு போலத் தெரியும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் இருப்பதால் நடக்கிற வேடிக்கை இது. சின்ன முள் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வித்தை குளிர்காலத்தில்தான் பலிக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துவிடுவதால் வித்தியாசம் நாலரை மணி ஆகிவிடும். அப்போது வாட்சை எப்படித் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

எங்கள் வீட்டு டெலிபோனுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். நியூஜெர்ஸி ஒன்பதரை கழி. லண்டன் நாலரை கழி. சிங்கப்பூர் இரண்டரை கூட்டு. சிட்னி நாலரை கூட்டு. கணக்குப் பிரிவில் இருந்தவன் எழுதியதல்லவா, கீழே கோடு போட்டு அழகாகத்தான் இருந்தது. அதை ஒரு மே மாதத்தில் எழுதினேன். எழுதிய அன்று அதில் இருந்த நாலு வரியும் சரியே. ஆனால் வருஷம் முழுவதும் சரியாக இருந்தது ஒரே ஒரு வரிதான், சிங்கப்பூர்.

இதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்தேன். ஆனால் இந்த விஷயம் எனக்கு வேடிக்கையாகத் தெரியவந்தது இல்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2015 அக்டோபர் முதல் வாரம். எங்கள் அம்மாவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு டாக்டர் என்னை வெளியே அழைத்து, "வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். வர வேண்டியவன் சிட்னியில் இருந்த என் தம்பி ஒருவன்தான். எங்கள் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. நான் மனசுக்குள் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். பதினொன்றோடு நாலரை கூட்டினால் அங்கே விடியற்காலை மூன்றரை. அவன் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறவன். தூக்கத்தில் எழுப்பி இந்தச் செய்தியைச் சொன்னால் தனியாக இருக்கிறவன் பதறிப்போவான். அவன் மனைவி அப்போது பெண்ணின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போயிருந்தாள். இரண்டு மணி நேரம் தூங்கட்டும், எழுந்ததும் சொல்வோம், பகல் விமானம் எதையாவது பிடித்துவிடுவான் என்று நானே முடிவு செய்தேன். சரியாக இரவு ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி. எடுக்கவில்லை.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் நாலாம் தேதி, சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வித்தியாசம் ஐந்தரை மணி ஆகியிருந்தது. நான் ஐந்தரை மணி என்று நினைத்துக் கூப்பிட்டபோது அங்கே ஆறரை. அவன் எழுந்து, குளித்து, ஆறேகாலுக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். போன் சத்தத்தை அடக்கிப் பைக்குள் போட்டிருந்தான். ஆபீஸ் போய்ச் சேர்ந்து ஏழரை மணிக்குத்தான் பார்த்தான். அதற்கு மேல் வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் போய்ச் சேருவதற்குள் காலை விமானம் கிளம்பிவிட்டது. மாலை விமானத்தில்தான் வந்தான்.

காலை விமானத்தில் ஏறியிருந்தால் செவ்வாய் இரவு பத்து, பதினொரு மணிக்குள் பம்பாய் வந்திருப்பான். அம்மா அன்று இரவு பத்து மணிக்குக்கூட அவன் பெயரைச் சொல்லி, "வந்துட்டானா?" என்று கேட்டாள். புதன் விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டாள். அவன் வந்து சேர்ந்தபோது மணி பத்து.

ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணியை நான் அவன் தூக்கத்துக்காகக் கொடுத்ததாக நினைத்தேன். உண்மையில் அவன் தூங்கிக்கொண்டே இல்லை.

பன்னிரண்டு நாள் காரியமும் சுபஸ்வீகாரமும் முடிந்த பிறகு என் அக்கா பிள்ளை வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் மாமா" என்று கிழித்தான். பிறகு பத்து நிமிஷத்தில் இந்தக் கடிகாரங்களைப் போட்டுக் கொடுத்தான்.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஐந்து சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஊர் பெயர், கிழமை, தேதி. அந்த ஊரில் பகல் என்றால் வட்டம் வெள்ளை, இரவு என்றால் கறுப்பு. நான் பேப்பர் படிக்கிற நேரத்தில் பார்த்தால் நியூஜெர்ஸி கறுப்பாக இருக்கும். கிழமை வேறு ஒரு நாள் பின்னால் இருக்கும். என் சகதர்மிணிக்கு மவுஸ் என்றாலே அலர்ஜி. ஆனால் இப்போது சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கறுப்பு. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

இதற்கென்று தனியாக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 2009இல் வந்த விண்டோஸ் ஏழில் இந்த மாதிரி வட்டக் கடிகாரங்கள் கூடவே வந்தன. கேட்ஜெட் என்று பெயர். வேண்டிய அளவு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புக் குறை இருக்கிறதென்று 2012இல் மைக்ரோசாஃப்ட்டே அவற்றைக் கைவிட்டது. இப்போதுள்ள விண்டோஸில் கீழே மூலையில் மணி தெரிகிற இடத்திலேயே மேலும் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மூன்று மணிகளும் தெரியும். இரண்டு போதாதவர்களுக்கு, அதாவது நான்கு பிள்ளைகளும் நான்கு கண்டத்தில் உள்ள பாக்கியசாலிகளுக்கு, க்ளாக் என்றே ஒரு ப்ரோக்ராம் அதில் இருக்கிறது. அதில் வேண்டிய ஊர்களையெல்லாம் சேர்க்கலாம். செல்போனிலும் இந்த வசதி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, அதைத் திறந்து பார்ப்பதற்குள் நமக்கு மறுபடி விரலை மடக்கத் தோன்றிவிடும். திரையில் எப்போதும் நின்றுகொண்டிருப்பது வேறு.

சேர்க்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பத்தரை, நாலரை என்று எண்ணைக் கொடுத்துச் சேர்க்கக் கூடாது. ஊர் பெயரைக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் அது என் சுவர்க் காகிதம்தான், கொஞ்சம் விலை உயர்ந்த காகிதம். ஊர் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரில் எந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைத் தள்ளுவார்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பி வைப்பார்கள் என்ற விதியும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

இந்த விதிகள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்டதற்கு மருமான் சொன்ன விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே உண்மையில் ஒரே ஒரு மணிதான் ஓடுகிறது. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி முதல் தேதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். மும்பை மணி, சிட்னி மணி எல்லாம் அந்த ஒரே எண்ணிலிருந்து ஓர் அட்டவணையைப் பார்த்துப் போடுகிற கணக்கு. உலகத்தில் பெரும்பாலான போன்களும் கம்ப்யூட்டர்களும் நம்புகிற அட்டவணையை ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களில் ஆரம்பித்தார். சம்பளம் இல்லாத வேலை. பிறகு பால் எக்கர்ட் என்பவர் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். எந்த தேசம் எந்த வருஷம் எப்படி மணியை மாற்றியது என்று ஊர் ஊராகக் குறித்துவைத்த பட்டியல் அது. 2011இல் ஜோஸ்ய சாஃப்ட்வேர் விற்கிற ஒரு அமெரிக்கக் கம்பெனி, "எங்கள் புத்தகத்திலிருந்து எடுத்தது" என்று இவர்கள் இருவர் மேலும் கேஸ் போட்டது! சில நாள் அந்தப் பட்டியலே கிடைக்காமல் போயிற்று. மறு வருஷம் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இப்போது பட்டியல் ஒரு சர்வதேச அமைப்பின் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பட்டியலில் நம் தேசத்துக்கு ஒரே ஒரு பெயர்தான், கொல்கத்தா. மும்பைக்குத் தனி இடம் கிடையாது. "நம்ம ஊர் இல்லையே" என்று போன மாதம் ஒரு மாமா என்னிடம் சண்டைக்கு வந்தார். விண்டோஸில் பார்த்தால் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று ஒரே வரியில் போட்டிருக்கும். சென்னை முதலில் இருப்பதில் நமக்குக் கொஞ்சம் சந்தோஷம். இங்கிலீஷ் எழுத்து வரிசைதான் காரணம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நம் பம்பாய்க்குத் தனி மணி இருந்த காலம் ஒன்று உண்டு. ரயில்வேக்காரன் என்பதால் இதில் எனக்கு உரிமையோடு பேசத் தோன்றுகிறது. ரயில்கள் அந்தக் காலத்தில் மெட்ராஸ் டைம்படி ஓடின. மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் பார்த்துச் சொல்கிற மணி அது. பம்பாய் டைம் அதற்கு அரை மணி பின்னால். 1906 ஜனவரி முதல் தேதி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று தேசம் முழுவதற்கும் ஒரே மணியைக் கொண்டுவந்தார்கள். அலகாபாத்துக்குப் பக்கத்தில் மிர்ஸாபூர் வழியாகப் போகிற எண்பத்திரண்டரை டிகிரி ரேகையை வைத்து எடுத்த கணக்கு. பம்பாய்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் சொல்லி நம் சூரியன் உதிப்பதா என்று எதிர்த்தார்கள். புது மணிக்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் இருந்த பம்பாய் டைமை நகரசபை பல வருஷம் விடாமல் வைத்திருந்தது. கல்கத்தாவும் தன் சொந்த மணியை 1948 வரை வைத்திருந்தது. எங்கள் அப்பா 1948இல் மாதுங்காவுக்கு வந்து சேர்ந்த புதிதில், யாராவது மணி சொன்னால், "பாம்பே டைமா, ஸ்டாண்டர்ட் டைமா?" என்று கேட்டுக்கொள்வார்களாம். ஒரே ஊருக்குள் இரண்டு மணி! தெரியாமல் போய் ஒரு கல்யாணத்தில் முப்பத்தொன்பது நிமிஷம் முன்னதாக உட்கார்ந்திருந்ததாக அப்பா சொல்வார். முன்னதாகப் போனதால் தப்பித்தார். மாறிப் போயிருந்தால் சாப்பாடுதான் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விஷயம். இங்கே எண்பது வயதைத் தாண்டியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை நம் தேசத்திலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்கள், ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த ஜனன நேரமாக இருந்தால், ஒரு மணி கழித்தார்களா என்று ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். இப்போது பார்த்து என்ன செய்வது என்பது வேறு விஷயம்!

ஜாதகம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இதுதான். பேரன் அமெரிக்காவில் ஸான் ஹோஸேயில் பிறந்தான். ஜூலை பதினாலாம் தேதி, அங்கத்திய மணி இரவு எட்டு. நமக்கு அது பதினைந்தாம் தேதி காலை எட்டரை. எதை வைத்து ஜாதகம் எழுதுவது? நான் ஜோஸ்யன் இல்லை, கடிகாரக்காரன். கடிகாரக்காரனாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கணம். சந்திரன் அந்தக் கணத்தில் எந்த நட்சத்திரத்தில் இருந்ததோ அது உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆகவே நட்சத்திரம் மாறாது. ஆனால் லக்னம் என்பது அந்த இடத்தின் கீழ்வானத்தில் உதயமாகிக்கொண்டிருக்கும் ராசி. ஸான் ஹோஸேயில் அப்போது சூரியன் அஸ்தமிக்கிற நேரம். மும்பையில் சூரியன் மேலே ஏறிக்கொண்டிருக்கிற நேரம். நம் மணிக்கு மாற்றி, மும்பையில் பிறந்ததாகவே வைத்துப் போட்டால் லக்னம் பல ராசி தள்ளிப் போய்விடும். பிறந்த ஊர், அந்த ஊர் மணி, அதில் கோடைக்காகத் தள்ளிய ஒரு மணி, மூன்றையும் ஜோஸ்யரிடம் சொல்லிவிடுங்கள்.

திதியும் இப்படித்தான். ஓர் அமாவாசை நமக்குத் திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஆரம்பித்துச் செவ்வாய் மாலை 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே செவ்வாய்க்கிழமை அமாவாசை. நியூஜெர்ஸியில் கோடைகாலத்தில் ஒன்பதரை மணி வித்தியாசம். அங்கே அது திங்கள் காலை 8.30க்கு ஆரம்பித்துச் செவ்வாய் காலை 7.30க்கே முடிந்துவிடுகிறது. அங்கே உள்ள பிள்ளைக்குத் திங்கட்கிழமை பகல் முழுவதும் அமாவாசை. "நாளைக்கு அமாவாசைடா, மறக்காதே" என்று நாம் இங்கிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினால், அவன் நாளைக்கென்று தள்ளிப்போட்டு, இருந்த நாளையும் விட்டுவிடுவான். சிராத்தத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எந்த நாள் என்று முடிவு சொல்ல வேண்டியவர் வாத்யார். ஆனால் அவர் கையில் அந்த ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கம் இருக்க வேண்டும், நம் மும்பைக் காலண்டர் அல்ல. நம் பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரியாததும் இல்லை. உஜ்ஜயினி வழியாகப் போகும் ரேகையை மத்தியமாக வைத்து, அதற்குக் கிழக்கே, மேற்கே உள்ள ஊர்களுக்குத் தேசாந்தரம் என்று ஒரு திருத்தம் சொல்லிவைத்திருக்கிறார்கள். திரையில் ஓடுகிற ஐந்து வட்டமும் அந்தத் தேசாந்தரக் கணக்கைத்தான் செய்கின்றன. வேகமாகச் செய்கின்றன, தூங்காமல் செய்கின்றன.

இனி சில நடைமுறை விஷயங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவருக்குக் கலிபோர்னியாவிலிருந்து மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். அது அங்கத்திய மணியையே காட்டிக்கொண்டிருந்தது. இவர் என்ன செய்தார்? மணியை மட்டும் கையால் தள்ளி நம் மணிக்குக் கொண்டுவந்தார். ஊரை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் தன்னை இன்னும் கலிபோர்னியாவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் மற்ற எல்லா ஊர் மணியும் கன்னாபின்னாவென்று ஆகிவிட்டது. லண்டனில் நடுப்பகல் என்று பார்த்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அங்கே நடு ராத்திரி. கம்ப்யூட்டரில் முள்ளைத் திருப்பாதீர்கள். ஊரை மாற்றுங்கள். மணியைத் தானாகவே சரி செய்துகொள்ளும்படி ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவில் ஏப்ரல் முதல் ஞாயிறு என்று இருந்ததை 2007 முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறாக மாற்றினார்கள். திரும்பி வருவது நவம்பர் முதல் ஞாயிறு. துருக்கி 2016இல் இந்த மாற்றும் வழக்கத்தையே விட்டுவிட்டது. ஸமோவா என்ற தீவில் 2011 டிசம்பர் முப்பதாம் தேதி என்ற ஒரு நாளே கிடையாது. தேதிக் கோட்டின் இந்தப் பக்கம் தாவுவதற்காக வியாழனுக்கு அடுத்த நாள் சனி என்று வைத்துக்கொண்டார்கள். அன்று அங்கே யாருக்காவது திதி வந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ! ஐரோப்பியப் பார்லிமெண்டில் 2019இல் இந்தக் கோடை மணியை நிறுத்திவிடலாம் என்று ஓட்டெடுத்தார்கள். அது நடைமுறைக்கு வராமல் அப்படியே நின்றுபோயிற்று. இப்படி ஏதாவது மாறும்போது புது அட்டவணை கம்ப்யூட்டருக்கு அப்டேட்டாக வந்து சேரும். "அப்டேட் கேட்கிறது, வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் கடிகாரம் ஒருநாள் பொய் சொல்லும்.

ஒரே தேசம் என்பதால் ஒரே மணி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் கடிகாரத்தைத் தள்ளும், பிரிஸ்பேன் தள்ளாது. அமெரிக்காவில் அரிஸோனாவின் பெரும்பகுதி தள்ளாது. பெண் ஃபீனிக்ஸில் இருந்தால் ஃபீனிக்ஸ் என்றே சேருங்கள். பக்கத்து ஊர்தானே என்று லாஸ் ஏஞ்சலஸைச் சேர்த்தால் குளிர்காலத்தில் ஒரு மணி தவறும். துபாய், மஸ்கட், சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால், வருஷம் பூராவும். அடுத்த வீட்டு நேபாளம் நமக்குக் கால் மணி முன்னால். அங்கே பிள்ளை இருப்பவர்கள் இங்கே யாராவது உண்டா? இல்லை. சரி.

ராத்திரி போன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம்மிடமிருந்து அவர்களுக்கு நடு ராத்திரியில் போன் போனால், எடுப்பதற்கு முன்பே அவர்கள் மனசு எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். அவர்களிடமிருந்து நமக்கு வந்தாலும் அப்படித்தான். நாரத்தங்காய் ஊறுகாய் எத்தனை பாட்டில் அனுப்பட்டும் என்று கேட்பதற்கு அந்தக் கறுப்பு வட்டத்தை எழுப்ப வேண்டாம். ஆனால் எழுப்ப வேண்டிய செய்தி என்றால், வட்டம் எந்த நிறத்தில் இருந்தாலும் உடனே எழுப்புங்கள். "தூங்கட்டும்" என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய வேண்டாம்.

(இந்த உரை நம் இதழில் அச்சாகப் போகிறது என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. இதழ் என் தம்பிக்கும் போகிறது. அந்த ஒரு மணி விஷயத்தை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமென்று, போன ஞாயிற்றுக்கிழமை சிட்னி வட்டம் வெள்ளையாக இருக்கும்போது கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்குத் தெரியும் அண்ணா. மிஸ்டு கால் ஆறரைக்குன்னு பார்த்தபோதே தெரிஞ்சுது. முதல் நாள் ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பத்திக் கேக்கப் போன் பண்ணினேனே, அப்பவே இங்க மணி மாறிடுத்துன்னு நான்தான் சொல்லியிருக்கணும். அதையே நெனச்சுண்டிருந்தேன்" என்றான். இத்தனை வருஷமாக.)

சரி, காபி வந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். என் மருமானும் வந்திருக்கிறான். உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். பிள்ளைகள் இருக்கும் ஊரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். "அமெரிக்கா" என்று மட்டும் எழுதாதீர்கள். சுவரில் காகிதம் ஒட்டியிருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள், அவன் நன்றாகக் கிழிப்பான்.